மூத்த டான்ஸ்ஹால் பாடகர் பழைய ஒலிக்குத் திரும்பினார் என்றால், எதற்குத் திரும்பினார்?

பாளை மொட்டைமாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். இசையை முறையாகக் கற்றவனல்லன். அலுவலகம் செல்லும் பேருந்திலும் இரவில் மொட்டைமாடியிலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதோடு சரி. ஓராண்டாக ஜமைக்கா நாட்டு ரெகே இசையையும், அதிலிருந்து ஆட்டக்களத்துக்கென்று வளர்ந்த டான்ஸ்ஹால் பாட்டையும் கேட்டு வருகிறேன். அதிலும் பாரிங்டன் லெவி என்னும் பாடகரிடம் வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. 1964-இல் பிறந்தவருடைய முதல் தொகுப்புகள் 1979-இல் வெளிவந்தன என்றால், அந்தக் குரலுக்கு அப்போது 15 வயதுதான் என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் ஆயின. சொற்களுக்கு நடுவே பொருளில்லாத ஓசைகளைச் சுழற்றி இழுத்து அவர் விடும் அந்தக் கூவல், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து யாரோ நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது.

என் ஐயம் இதுதான். அவர் 2015-இல் ‘அக்கூஸ்டிகலெவி’ என்றொரு தொகுப்பு வெளியிட்டார். தம்முடைய பழைய பாடல்கள் பலவற்றை மின்கருவிகளின் ஆரவாரத்தைக் குறைத்து, கிதாரை முன்னால் நிறுத்தி மீண்டும் பாடியிருக்கிறார். அடுத்த ஆண்டு கிராமி விருதில் சிறந்த ரெகே தொகுப்புக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ‘பழைய பாணிக்குத் திரும்பிய பாட்டு, கேட்டுப் பார்’ என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் இதை எனக்குக் கொடுத்தார். கேட்டேன், இனிமையாகவே இருக்கிறது, குரல் காதருகே உட்கார்ந்து பாடுகிறது. ஆனால் அதே பாடகரின் 1979-ஆம் ஆண்டுப் பதிவை அடுத்துப் போட்டால், இது புதியதாகவும் அதுவே பழையதாகவும் தெரிகிறது. எந்திரமே இல்லாத ஒன்று எப்படிப் புதியதாக ஒலிக்க முடியும்? ‘பழைய ஒலி’ என்று ரெகே கேட்பவர்கள் சொல்வது கருவியையா, வேகத்தையா, பதிவு செய்த முறையையா, அல்லது வேறு எதையாவதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லிடை ரேடியோ செட் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட், டியூப் லைட், சீரியல் செட் ஆகியவற்றை வாடகைக்கு விட்டு வருபவன். ஜமைக்கா இசை எனக்குப் பாட்டின் வழியாக அறிமுகமாகவில்லை, பெட்டியின் வழியாக அறிமுகமானது. கிங்ஸ்டன் நகரத்து ஒலிபெருக்கி நிலையங்களின் பழைய புகைப்படங்களை ஒருமுறை பார்க்க நேர்ந்தபோது, மேலே உலோகக் குழாய் ஒலிபெருக்கிகளும், கீழே ஆள் உயரத்துக்குப் பெட்டிகளும், பக்கத்தில் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருக்கும் ஒரு மனிதரும் கண்ணில் பட்டார்கள். இது நம் தொழிலல்லவா என்று தோன்றிப் போய்விட்டது.

அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-களில் இசைக்குழுவை அமர்த்திக் காசு கொடுக்க முடியாத ஏழை மக்கள், திறந்த வெளியில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து இசைத்தட்டு போட்டு ஆடினார்கள். டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றவர்கள் இந்தத் தொழிலில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தவர்கள். அடுத்தவனிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்ற போட்டியில், இவர்கள் தாமே பாடகர்களை அழைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். டாட் 1963-இல் ‘ஸ்டூடியோ ஒன்’ என்ற பதிவுக்கூடத்தையே திறந்தார். அம்பாசமுத்திரத்து மைக் செட்காரர் ஒருவர் பக்கத்து ஊர்க்காரரைத் தோற்கடிப்பதற்காகப் பதிவுக்கூடம் கட்டினார் என்று எண்ணிப் பாருங்கள், அந்த நாட்டு இசை எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும். அதற்குப் பிறகு வந்த கிங் டப்பி, மின் கருவிகள் பழுது பார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பிழைத்தவர். ஆம்ப்ளிஃபையரைத் தாமே கட்டியவர். பதிவான பாட்டில் குரலைக் குறைத்து, பேஸையும் எதிரொலியையும் முன்னிறுத்திக் கலக்கும் டப் என்ற இசை வகை அவருடைய பணிமேசையில் உருவானது என்பதை எண்ணும்போது, என் கடையில் கம்பிச்சுருள் சுற்றும் பையனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லெவியின் அந்த முதற்பதிவுகளுக்கு வாசித்தவர்கள் ரூட்ஸ் ராடிக்ஸ் என்ற குழுவினர். அவற்றில் பலவற்றின் ஒலிக்கலவை கிங் டப்பியின் கூடத்தில், சயின்டிஸ்ட் என்று அழைக்கப்பட்ட இளைஞரின் கையில் நடந்தது. அவை வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்காகக் கலக்கப்பட்டவை அல்ல. மண்ணில் நிற்பவனின் முழங்கால் வழியே பேஸ் என்னும் தாழ்ந்த கன ஓசை ஏற வேண்டும், அதற்கு மேலே குழாயில் குரல் தனியாகப் பறக்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நடுவில் கிதாரும் ஆர்கனும் எப்போதாவது வந்து எதிரொலியில் கரைந்து போகும். நீங்கள் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பில் தேடியது அந்த நடுவில் உள்ள வெற்றிடத்தை என்று நினைக்கிறேன். அந்தத் தொகுப்பில் அந்த இடத்தைக் கிதார் நிரப்பிவிட்டது. நிரம்பியவுடன் பாட்டு திறந்த வெளியை விட்டு வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

இதை நான் சோதித்தும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கோயில் கொடை விழாவுக்காகத் தென்னை மரத்தில் குழாய் கட்டிவிட்டு, சத்தம் எங்கே வரை போகிறது என்று பார்ப்பதற்கு லெவியின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். நம் குழாய்களுக்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல்வளையே கிடையாது. பேஸ் கிதாரின் அடிக்கம்பியோ 41 ஹெர்ட்ஸில் பேசுவது. ஆகவே பேஸ் முழுவதும் அப்படியே மறைந்துபோய், ‘சிக்கு சிக்கு’ என்று கிதார் வெட்டும் ஓசையும் அந்தப் பையனின் குரலும் மட்டும் வயலைத் தாண்டிப் போயின. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். பாட்டில் பாதி செத்துவிட்டது, ஆனாலும் குரல் பிழைத்துக்கொண்டது. ஜமைக்காவில் குழாயைக் குரலுக்கும் பெட்டியைப் பேஸுக்கும் பிரித்துக் கொடுத்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கொடையில் வேறொன்றும் நடந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறபடி நான் நிறுத்தினேன். நிறுத்தியதற்காக வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அது இந்தக் கேள்விக்குத் தொடர்பில்லாதது, மனத்தில் கிடந்ததால் எழுதிவிட்டேன்.

நாங்குநேரித் தமிழாசிரியர் எழுதியது:

அண்ணாச்சி ஒலிபெருக்கியின் பக்கத்திலிருந்து எழுதியதற்கு, பாட்டின் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்க விரும்புகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் ஊர் ஊராகப் போய் விடிய விடிய உட்கார்ந்தவன்.

ஜமைக்கர்கள் ‘ரிதிம்’ என்று சொல்வதை நாம் தாளம் என்று பெயர்த்தால் தவறாகிவிடும். அது பேஸும் முழவும் சேர்ந்த ஓர் அடித்தளம். அதற்கென்று பெயர் உண்டு, பாட்டுக்கு முந்திய வாழ்வு உண்டு, எந்தப் பாடகருக்கும் அது தனியுரிமை அன்று. நம் வழக்கில் அதற்கு நெருங்கிய சொல் ‘மெட்டு’தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்தின் மெட்டுகளை அவருக்குப் பின் எத்தனை பேர் எடுத்துக்கொண்டு வேறு தெய்வத்துக்கும் வேறு செய்திக்கும் பாடினார்கள் என்பதைத் தென்பகுதியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. மெட்டைத் தெரிந்துவைத்திருக்கும் கூட்டம், இவன் அதில் புதிதாக என்ன வைக்கப் போகிறான் என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பாடுபவனுக்குச் சோதனை.

ஜமைக்காவிலும் அதே கதைதான். 1960-களின் இறுதியில் ஓர் இசைத்தட்டில் தவறுதலாகக் குரலை விட்டுவிட்டு அழுத்திக் கொடுத்தார்கள். அந்தக் குரலில்லாத தட்டை ஆட்டக்களத்தில் போட்டபோது கூட்டமே பாடியது. அதன்பின் தட்டின் மறுபக்கத்தில் வெறும் இசையை மட்டும் வைப்பது வழக்கமாயிற்று. அந்த வெறும் இசையின்மேல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசிப் பாடுபவரை அங்கே ‘டீஜே’ என்பர். தட்டைப் போடுபவருக்குப் பெயர் ‘செலெக்டர்’. நாம் டீஜே என்று சொல்வது இந்த இரண்டாமவரை. யூ-ராய் என்ற டீஜே 1970-இல் ரெகேக்கு முந்திய வகையான ராக்ஸ்டெடியின் பழைய மெட்டுகளின்மேல் பாடிய மூன்று தட்டுகள் அந்நாட்டுப் பாட்டுத் தரவரிசையில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. 1973-இல் பதிவான ‘ஸ்டாலாக்’ என்ற மெட்டின்மேல் 1982-இல் சிஸ்டர் நான்சி பாடினார், 1985-இல் டெனர் சா பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பது போல இருக்கும்.

லெவி பாட வந்த காலத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய ஸ்டூடியோ ஒன் மெட்டுகளைப் புதிய குழுக்கள் வேகத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டி மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தன. அதாவது மொட்டைமாடித் தம்பி ‘பழையது’ என்று கருதும் 1979-இன் ஒலியே, தன் காலத்தில் ஒரு திரும்புதலாகத்தான் இருந்தது. இதைக் கவனிக்காமல் இந்த வினாவுக்கு விடை சொல்ல முடியாது என்பது என் கருத்து. மூத்த பாடகர் ஒருவர் பழமைக்குத் திரும்பினாரா என்று அளக்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: எல்லோருக்கும் பொதுவான மெட்டின்மேல் மறுபடியும் நின்றாரா, அல்லது தம்முடைய பாட்டையே தாம் மறுபடியும் பாடினாரா? அக்கூஸ்டிகலெவி பெரிதும் இரண்டாவது வகை. அது குறை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிய இடம் வேறு.

தாளத்தைப் பற்றி ஒரு சொல். ரெகேயில் ‘ஒன் டிராப்’ என்னும் நடையில் நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கை வெறுமையாக விடப்பட்டு, அடி மூன்றாவதில் விழும். நம் இசையில் தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுப்பதை அநாகத எடுப்பு என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல, இங்கே தள்ளி வருவது பாட்டு, அங்கே முழவே முதலில் வாய் திறப்பதில்லை. ஆனாலும் அந்தக் காலி இடத்தில் கேட்பவன் உடம்பு தானாக முன்னால் சாய்வது இரண்டிலும் உண்டு.

இந்த ஒற்றுமைகளைக் கண்டவுடன், 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களே இதையெல்லாம் கொண்டுபோனார்கள் என்று எழுத யாரேனும் வரலாம். அவர்களில் பெரும்பான்மையோர் கல்கத்தா வழியாகச் சென்ற வடபுலத்து மக்கள். கொடையும் ஆட்டக்களமும் ஒத்திருப்பதற்கு உறவு தேட வேண்டாம். இரவு, திறந்த வெளி, காசு இல்லாத கூட்டம் ஆகிய மூன்றும் எங்கே சேர்ந்தாலும் இப்படித்தான் ஆகும்.

டவுன் கீபோர்டு எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் பதிலை மதிக்கிறேன், ஆனால் இந்த உரையாடல் முழுவதும் பழமை என்றால் மரமும் தோலும் வால்வும் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் திருநெல்வேலி டவுனில் கணினியில் இசை அமைப்பவன். டான்ஸ்ஹால் கேட்பவர்களில் பலருக்கு, ‘பழைய பள்ளி’ (ஓல்டு ஸ்கூல்) என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பிளாஸ்டிக் கீபோர்டு என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை.

1985 பிப்ரவரியில் கிங்ஸ்டனில் நடந்த ஒரு ஒலிபெருக்கிப் போட்டியில் ஜாமி என்ற தயாரிப்பாளர் வெய்ன் ஸ்மித் பாடிய ‘ஸ்லெங் டெங்’ மெட்டைப் போட்டார். அதில் பேஸ் கிதார் இல்லை, முழவு இல்லை. கேசியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில் ‘ராக்’ என்ற பெயரில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு தயார் ஓசையை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அப்படியே மெட்டாக்கிவிட்டார்கள். அன்றோடு ஜமைக்காவின் இசைக்கூடங்களில் வாசிப்பவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ரூட்ஸ் ராடிக்ஸ் போன்ற குழுக்களுக்கு அதற்கு முன் இருந்த வேலை பின்னர் இல்லை. லெவிக்கு அவர் நாட்டுக்கு வெளியே பெரும்பெயர் வாங்கித் தந்த பாட்டும் ஏறத்தாழ அதே காலத்தில், ஜா ஸ்குரூ தயாரிப்பில் வந்ததுதான். அதில் வரும் கூவலைத்தான் இன்றுவரை மற்றவர்கள் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. அந்தத் தயார் ஓசையை உருவாக்கியவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். 1980-இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். அதற்கு முன் இசைக் கல்லூரியில் படித்தபோது ரெகேயைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதியிருந்தார். ரெகேயில் ஊறிய ஒருவர் எந்திரத்துக்குள் வைத்த ஓசையை, கீபோர்டின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்த ஜமைக்க இளைஞர்கள் கண்டெடுத்து மறுபடியும் ரெகேயாக ஆக்கினார்கள். இதை எந்திரம் இசையைக் கெடுத்த கதை என்று சொல்வீர்களா?

எனவே இன்று ஐம்பது, அறுபது வயதான பாடகர் ஒருவர் பழைய ஒலிக்குத் திரும்புகிறேன் என்று சொன்னால், எந்த ஆண்டுக்கு என்று நான் கேட்பேன். 1979-க்குத் திரும்பினால் கனமான பேஸும் மெதுவான நடையும் வரும். 1985-க்குத் திரும்பினால் கேசியோ வரும். மரக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினால், டான்ஸ்ஹால் வரலாற்றில் அப்படி ஓர் ஆண்டே கிடையாது. அது வெளிநாட்டுக் கச்சேரி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் பழகிய ஒரு வழக்கம். நம் ஊரில் நையாண்டி மேளக்காரரை உட்கார வைத்து, தவிலை மெதுவாகத் தட்டச் சொல்லி, அதற்கு ‘மரபிசை’ என்று பெயர் வைப்பதைப் போன்றது.

பாளை மொட்டைமாடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் குழப்பம் பாதி தீர்ந்தது. நான் கருவியைப் பார்த்து வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன் என்பது தெரிகிறது. ஆனால் டவுன் நண்பர் சொல்வதை முழுவதுமாக ஏற்க மனம் வரவில்லை. அந்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பை வெறும் மேடை வழக்கம் என்று தள்ளிவிட்டால், அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறதே, அதை எங்கே வைப்பது?

தென்காசி வாய்ப்பாட்டு எழுதியது:

தம்பி, உங்கள் கடைசி வரிக்காக எழுதுகிறேன். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். இவ்வளவு பேரும் பெட்டியையும் மெட்டையும் கீபோர்டையும் பேசினீர்கள். பாடுகிறவருக்கு வயதாகிவிட்டது என்பதை ஒருவரும் பேசவில்லை.

15 வயதில் பாடிய குரல் 51 வயதில் இருக்காது. சுருதி இறங்கும், மூச்சு குறுகும், மேல் ஸ்தாயியில் ஒரே பாய்ச்சலில் போய் உட்கார்ந்த இடத்துக்கு இப்போது படி வைத்து ஏற வேண்டியிருக்கும். எதிரொலியும் பேஸும் நிறைந்த ஒலிக்கலவை அந்தத் தளர்வை மறைத்துக் கொடுக்கும். கிதாரை மட்டும் வைத்துக்கொண்டால் மறைக்க எதுவும் இல்லை. நான் அந்தத் தொகுப்பைக் கேட்டேன். பழைய கூவல்களை அவர் அதே அளவில் விடவில்லை. சில இடங்களில் தொடங்கிவிட்டுச் சட்டென்று மடித்துக்கொள்கிறார். கேட்கிற நமக்குப் பழைய நீளம் ஏற்கெனவே காதில் இருப்பதால், அவர் விட்ட மிச்சத்தை நாமே பாடி முடிக்கிறோம். உங்கள் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன அந்தக் காத்திருப்பு இங்கேயும் இருக்கிறது, ஐயா. மெட்டுக்குப் பதிலாக அவருடைய இளமைக் குரலே மெட்டாகிவிட்டது.

இதற்கு மாறாக நடந்ததையும் கேட்க விரும்பினால், ஹாரஸ் ஆண்டியின் ‘மிட்நைட் ராக்கர்’ என்ற 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேளுங்கள். 1951-இல் பிறந்தவர், 1970-களின் தொடக்கத்தில் ஸ்டூடியோ ஒன்னில் பாடிப் பெயர் வாங்கியவர். இங்கிலாந்தைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் அவரை ஏறத்தாழ 70 வயதில் பாட வைத்திருக்கிறார். தம்முடைய பழைய பாட்டுகள் சிலவும் அதில் உண்டு. ஆனால் பேஸ் பேஸாகவே இருக்கிறது, நடுவில் அண்ணாச்சி சொன்ன வெற்றிடம் இருக்கிறது. குரலின் நடுக்கம் அவருக்கு இளமையிலிருந்தே இயல்பு என்பதால், முதுமை அதில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

டவுன் தம்பிக்கு ஒன்று. தவிலை மெதுவாகத் தட்டச் சொன்னார்கள் என்று ஏளனமாக எழுதினீர்கள். மெதுவாகத் தட்டினால் தவறு வெளியே தெரியும் என்பதை எந்தத் தவில்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

டவுன் கீபோர்டு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. அந்த உவமையைத் திரும்பப் பெறுகிறேன். ஆண்டைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

கல்லிடை ரேடியோ செட் எழுதியது:

எழுதிக்கொண்டே இருப்பதைவிட ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. என்னிடம் 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டிகள் நான்கும், வேலை செய்யும் நிலையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரும், இரண்டு குழாய்களும் கிடங்கில் இருக்கின்றன. மொட்டைமாடித் தம்பி வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தால், 1979-ஐயும் 2015-ஐயும் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டுகிறேன். கிடங்கைச் சுற்றி வயல்தான். ஏழரை மணிக்குள் முடித்துவிடலாம். செல்பேசியில் பாட்டை நல்ல தரத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள். தரமில்லாத கோப்பைப் பெரிய பெட்டியில் போட்டால், அரிசியில் கல் கடிப்பது போலத் தெரிந்துவிடும்.

பாளை மொட்டைமாடி எழுதியது:

வியாழக்கிழமை போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் 1979-ஆம் ஆண்டுப் பாட்டை நான்கு பெட்டிகளிலும் குழாய்களிலும் சேர்த்துப் போட்டார் அண்ணாச்சி. ஓராண்டாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பாட்டின் மேல்தோலைத்தான் என்பது பத்து நொடியில் தெரிந்தது. முதல் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. என் சட்டைப் பொத்தான்கள் துடித்தன. குரல் அதில் சேராமல், எங்கள் தலைக்கு மேலே குழாயிலிருந்து வேறொரு திசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருந்த இடத்தில் நாங்கள் நின்றோம். ‘நடுவில் வெற்றிடம்’ என்று அண்ணாச்சி எழுதியதை நான் ஏதோ உவமை என்று நினைத்திருந்தேன். அது ஆள் நிற்பதற்கான இடம்.

அடுத்து 2015-ஆம் ஆண்டுப் பாட்டை அதே அமைப்பில் போட்டோம். பெட்டிகளுக்கு வேலை குறைந்துவிட்டது, ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்போது அண்ணாச்சி பெட்டிகளின் கம்பியைக் கழற்றிவிட்டு, குழாயில் மட்டும் வைத்தார். எங்கள் இருவருக்கும் வியப்பு. இழப்பதற்குக் கனமான பேஸ் அதில் குறைவாக இருந்ததால், 1979-ஆம் ஆண்டுப் பாட்டைப் போல அது குழாயில் சாகவில்லை. கிதாரும் குரலும் தெளிவாக வயலின் மேல் போயின. அக்கா சொன்ன அந்த மடிப்பு, கூவலைத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளும் அந்த இடம், குழாயில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஜமைக்காவின் ஆட்டக்களத்துக்குப் பொருந்தாத தொகுப்பு, நம் ஊர்த் தென்னைமரத்துக்குப் பொருந்திவிட்டது என்று அண்ணாச்சி சிரித்தார்.

வரப்பில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கிடங்கு வாசலில் நின்று, ‘யாரு செட்டுல படிக்கா? நல்லா இருக்கே, திரும்ப ஒருக்கா போடுங்க’ என்றார். எந்தப் பாட்டு என்று அண்ணாச்சி கேட்டதற்கு, ‘மொதல்ல பூமி ஆடுச்சே, அது’ என்றார். ஜமைக்காவில் கூட்டம் கூச்சலிட்டால் செலெக்டர் ஊசியைத் தூக்கிப் பாட்டை முதலிலிருந்து வைப்பாராம். அண்ணாச்சி பெட்டிக் கம்பியை மறுபடியும் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பெட்டிகள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகின்றன. திரும்பி வந்ததும் ஹாரஸ் ஆண்டியையும் ஸ்லெங் டெங்கையும் போடலாம் என்று பேசியிருக்கிறோம். டவுன் நண்பர் தம்முடைய கீபோர்டையும் எடுத்துக்கொண்டு வருவதாயிருந்தால் முன்கூட்டியே சொல்லவும். கிடங்கில் பிளக் ஒன்றுதான் இருக்கிறது.